பொட்டு வைக்கிற இடம்

என்ற பொண்ணு உள்ள பேசறது இங்க பெஞ்சு வரைக்கும் நல்லாவே கேக்குது. பாதிக் கதவுதான், மேலயும் கீழயும் தொறந்து கெடக்குது, முழுக் கதவாப் போட்டா ஆஸ்பத்திரிக்காரங்களுக்குக் குடி முழுகிப் போயிருமாட்ட இருக்குது. "குட் மார்னிங் மேடம். என் பேரு தாரணி. பத்தாம் வகுப்பு படிக்கறேன். நீங்க சாப்பிட்டீங்களா மேடம்?" அப்படியே நான் சொல்லிக் குடுத்தது, ஒரு எழுத்து பிசகல. அந்தச் சாப்பிட்டீங்களாங்கறது என்ற ஐடியாதான். பெரியவங்க யாரைப் பாத்தாலும் சாப்பிட்டீங்களான்னு கேளு கண்ணு, வேற ஒண்ணும் வேண்டாம், அதுலயே மனுசங்க உருகிப் போயிருவாங்கன்னு அவளுக்கு நாலு வயசுல சொல்லி வெச்சது. அன்னையிலேர்ந்து விடாமக் கேக்கறா. ஒருக்கா எழவு வீட்டுல, புருசன் பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்திருந்த பெரியம்மாகிட்டயே போய்க் கேட்டுப்போட்டா, எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாமாட்ட இருந்துச்சு, ஆனா அந்தம்மா அழுகைய நிறுத்திப்போட்டு, இல்ல சாமி, இன்னும் சாப்பிடலைன்னுச்சு. பாவம், வேற யாரும் கேட்டிருக்க மாட்டாங்களாட்ட இருக்குது. டாக்டரம்மா சிரிக்கறாங்க. "நான் சாப்பிட்டேன்மா. நீ?" "சாப்பிட்டேன் மேடம். மூணு இட்லி, தக்காளிச் சட்னி." சட்னி வரைக்கும் சொல்றா பாரு! பக்கத்துல ஊன்றுகோல் வெச்சுட்டு உக்காந்திருக்கற பெரியவர்கிட்ட, அது என்ற பொண்ணுதாங்கன்னு சொல்லலாம்னு வாயெடுத்தேன். அப்பத்தான் டாக்டரம்மா சொல்றாங்க, "ரொம்ப அழகாப் பேசறியே தாரணி."

எடுத்த வாய் அப்படியே நின்னுபோச்சு. அழகாப் பேசறியே. அடிப்பாவி பூங்கொடி, என்ன காரியம்டி பண்ணி வெச்சிருக்கற? எதுக்கு வந்திருக்கறோம் இங்க? இந்தப் புள்ளைக்கு முடியலைன்னு கவருமெண்ட் டாக்டர் கையால எழுதி வாங்கறதுக்கு வந்திருக்கறோம். நூத்துக்கு நாப்பதாவது முடியலைன்னு எழுதுனாத்தான் பள்ளிக்கூடத்துல பரீட்சைக்குத் தனி ரூமு, கூட ஒரு மணி நேரம், எழுதறதுக்கு ஆளு. முப்பத்தொம்பதுன்னு எழுதிப்போட்டா ஒண்ணும் கெடையாது. எல்லாத்துலயும் அதிகமா வாங்கணும்னு ஆசைப்படற உலகத்துல இங்கயும் அதிகமா வாங்கணும், ஆனா இதுல அதிகம்னா அர்த்தம் வேற. அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சுந்தான் சனிக்கிழமையிலேர்ந்து நாலு நாளு அவளை உக்கார வெச்சு, நான் டாக்டராட்ட நாற்காலியில உக்காந்துட்டு, வா, வணக்கம் சொல்லு, கையை அடக்கு, சிரி, போதும் நிறுத்து, மறுபடி வான்னு பழக்கி விட்டேன். ஒருத்தரு அவளைக் கேள்வி கேக்கப் போறாங்கன்னு சொன்னாப் போதும், என்ற கையும் வாயும் தானா அந்த வேலைக்குப் போயிருது. யோசிக்கவே இல்ல. வண்ணாங் கல்லைப் பாத்ததும் துணியைத் தூக்கறவளாட்ட தூக்கிட்டேன். காலையில தலை பின்னி, ரெண்டு பக்கமும் ரிப்பன் கட்டி, யூனிபார்முக்கு இஸ்திரி வேற. பள்ளிக்கூடத்துல முதல் பரிசு வாங்கற புள்ளையாட்ட கூட்டிட்டு வந்திருக்கறேன், இவளுக்கு முடியலைங்கன்னு எழுதி வாங்கறதுக்கு.

மூணரை வயசுல மொத பள்ளிக்கூடத்துல, வாட் இஸ் யுவர் நேம்னு கேட்டதுக்கு இவளும் வாட் இஸ் யுவர் நேம்னா. அதே குரல்ல, அதே இழுவையில. அந்த மிஸ்ஸு கிண்டல் பண்றான்னு நெனச்சுட்டா. மூணரை வயசுப் புள்ளை கிண்டல் பண்ணுமா? சீட்டு இல்லைன்னுட்டாங்க. ரெண்டாவது பள்ளிக்கூடத்துல மேசைக்கு அடியில போய் உக்காந்துட்டா, சீட்டு இல்ல. மூணாவதுக்குப் போறதுக்கு முன்னால நாப்பது நாளு கெடைச்சுது. நானும் அவளுந்தான். கண்ணைப் பாத்துப் பேசுன்னா, கண்ணைப் பாத்தா எரியுதும்பா. யாரு கண்ணுன்னாலும் எரியுது, என்ற கண்ணு உட்பட. அன்னைக்கு எனக்கு எப்படித்தான் தோணுச்சோ, கண்ணை விடு கண்ணு, பொட்டு வெக்கற எடத்தைப் பாருன்னேன். சரியா நெத்தியில, ரெண்டு புருவத்துக்கு நடுவால. அங்க பாத்தா எதுக்கால இருக்கறவங்களுக்குக் கண்ணைப் பாக்கற மாதிரியேதான் தெரியும். நான் பெரிய ஸ்டிக்கர் பொட்டா வாங்கி ஒட்டிக்கிட்டு நாப்பது நாளும் உக்காந்தேன், ரூபாய்க்காசு அளவுக்கு. செவப்பு, மெரூன், ஒரு நாளைக்குப் பச்சை. பொட்டு இல்லாதவங்கன்னா? அதையும் கேட்டா, கேக்காம விடுவாளா. இருக்கற மாதிரி நெனச்சுக்கோன்னேன். இந்த டாக்டர் மெர்சி மேடம் பொட்டு வெக்கறதில்ல, உள்ள விடும்போதே பாத்தேன். இப்ப அங்க ஒரு பொட்டை நெனச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. என்ன கலர்னு கூட முடிவு பண்ணியிருப்பா. மூணாவது பள்ளிக்கூடத்துல சீட்டு கெடைச்சுது. உங்க பொண்ணு கண்ணைப் பாத்துப் பேசறா, நல்ல தன்னம்பிக்கைன்னு சொன்னாங்க. நான் வெளிய வந்து பைப்புல மூஞ்சி கழுவறாப்பல அழுதேன்.

அதே பள்ளிக்கூடந்தான் இப்பவும். சேக்கறப்ப சொல்லல. கோயமுத்தூர் டாக்டர் எழுதிக் குடுத்த பைலு பீரோவுல பட்டுச் சீலைக்கு அடியில பதினோரு வருசமாக் கெடந்துச்சு, ஆட்டிசம்ங்கற அந்த வார்த்தையோட. சொன்னா சீட்டு போயிரும். அப்புறமும் சொல்லல, சொன்னா ஏன் மொதல்லயே சொல்லலைம்பாங்க. வருசம் ஏற ஏறச் சொல்றது இன்னும் கஷ்டமாப் போச்சு. ஓட்டிட்டேன். ஒவ்வொரு வகுப்பா, மிஸ்ஸுக்கு மிஸ்ஸு, அவ கொஞ்சம் கூச்ச சுபாவம்ங்க, கொஞ்சம் மெதுவா எழுதுவாங்க, நீங்கதான் பாத்துக்கோணும்னு கும்புட்டுக் கும்புட்டு ஓட்டிட்டேன். ஒம்பதாவது வரைக்கும் பரீட்சை அவங்கவங்க வகுப்புலயேதான். பத்தாவதுக்குத்தான் பெரிய ஹாலு, பப்ளிக் பரீட்சைக்குப் பழகணும்னு இருநூறு புள்ளைகளை வரிசையா உக்கார வெச்சுட்டாங்க. காலாண்டு மொதல் நாளு பதினொரு மணிக்குக் கம்பெனிக்கு போன் வந்துச்சு. கழுத்துல ஐடி கார்டு தொங்கத் தொங்க ஓடுனேன். பெஞ்சுக்கு அடியில ரெண்டு காதையும் பொத்திட்டுச் சுருண்டு கெடந்தா. இருநூறு பேரு ஒண்ணா பேப்பரைத் திருப்புற சத்தம்ங்கறா. நமக்கெல்லாம் அது ஒரு சத்தமா? அவளுக்குத் தகரத்தைக் கிழிக்கற மாதிரி. விடைத்தாள்ல பேரும் நம்பரும் மட்டும் இருந்துச்சு, முத்து முத்தா. ஹெச்எம் மேடம் என்னை உக்காரச் சொன்னாங்க. "எங்களுக்குக் கொழந்தை மேல கோபமில்லம்மா. ஆனா நீங்க சேக்கும்போதே சொல்லியிருக்கணும். இப்ப சர்டிபிகேட் இருந்தாத்தான் நாங்க சலுகைக்கு எழுத முடியும். வெள்ளிக்கிழமை லிஸ்ட் போகுது. இல்லைன்னா இந்த வருசம் எழுத வேண்டாம், அப்புறமா தனித்தேர்வரா எழுதிக்கட்டும்." தனித்தேர்வர். அந்த வார்த்தையிலயே தனி இருக்குதுன்னு பஸ்ஸுல வரும்போது நெனச்சேன். பள்ளிக்கூடத்தை விட்டு நின்னா அவ ஒரு நாளும் திரும்ப ஒரு ரூமுக்குள்ள போய் மனுசங்களோட உக்கார மாட்டா, அது எனக்குத் தெரியும். கொரோனா வருசத்துல வீட்டோட இருந்தாளே, மறுபடி பழக்கறதுக்கு எனக்கு ஒரு வருசம் ஆச்சு. இன்னைக்குப் புதன். இந்தச் சான்றிதழுக்கு டாக்டரம்மா பாக்கறது புதன்கிழமை மட்டுந்தான். அப்படின்னா இந்தக் கதவு, இந்தப் பத்து நிமிசம், இதை விட்டா ஒண்ணுமில்ல.

உள்ள என்னமோ கேக்கறாங்க, மெதுவா. "ஓய்வு நேரத்துல என்ன பண்ணுவே தாரணி?" "பேப்பர் படிப்பேன் மேடம்." "அட, நல்ல பழக்கமாச்சே!" ஐயோ. எதைப் படிப்பேன்னு கேளுங்க மேடம், தயவு செஞ்சு அதைக் கேளுங்க. மின்தடை அறிவிப்பு மட்டுந்தான் படிப்பா. நாளைக்கு எந்தெந்த ஏரியாவுல காலையில ஒம்பதுலேர்ந்து சாயங்காலம் நாலு வரைக்கும் கரண்ட் இருக்காதுன்னு போடுவாங்களே, அது. அதை வெட்டி நோட்டுல ஒட்டுவா, ஆறு நோட்டு இருக்குது. எங்க வீதியில யாரு வீட்டுலயாவது மாவாட்டணும்னா, தாரணி, நாளைக்குக் கரண்ட் போகுமான்னு இவளைத்தான் கேப்பாங்க. போகாதுன்னா போகாது. ஈபி ஆபீஸ்காரங்க மறந்தாலும் இவ மறக்க மாட்டா. எங்க வீட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பவர் டேபிள் போட்ட வீடுங்க, பொழுதினிக்கும் தையல் மிசின் சத்தம். கரண்ட் போற நாளு வீதியே கப்புனு அடங்கிரும். அப்ப அவ வாசப்படியில வந்து உக்காந்து சிரிப்பா. சும்மா, தனியா, எதையும் பாக்காம. அந்தச் சிரிப்பை நான் பழக்கி விடல. அதை யாருக்காவது காட்டணும்னு எனக்குத் தோணும். யாருக்குக் காட்டறது? அவங்கப்பா செல்வகுமாருக்குக் காட்டலாம், அவரும் பாத்திருக்கறாரு, பாத்துட்டு உள்ள போயிருவாரு. அவரு கெட்டவரு இல்ல. நோட்டு வாங்கியாரவரு அவருதான், கோந்து தீந்தா மறக்காம வாங்கியாரவரும் அவருதான். ஆனா சர்டிபிகேட்டுன்னதும் தட்டுல கை கழுவிட்டு எந்திரிச்சுட்டாரு. "என்ற பொண்ணுக்கு ஊனம்னு கவருமெண்டுல எழுதி வாங்கணுமா? நாளைக்கு அந்தக் கடுதாசியை எவன் பாத்தாலும் என்ன நெனப்பான்? நீ பண்றதைப் பண்ணு, என்னைக் கூப்புடாதே." நான் பண்றதைப் பண்ணேன். பதினோரு வருசமா நான் பண்றதை நாந்தான் பண்ணிட்டிருக்கறேன்.

கம்பெனியில நான் செக்கிங். ஒரு நாளைக்கு எத்தனையோ நூறு பனியன் என்ற டேபிளுக்கு வரும். விரிச்சு, ரெண்டு கையால இழுத்து, வெளிச்சத்துல காட்டி, குறை எங்கன்னு பாத்து ஸ்டிக்கர் ஒட்டணும். ஊசி ஓட்டை, எண்ணைக் கறை, கழுத்துல தையல் விட்டது, அக்குள்ல ஒரு சுருக்கம். பூங்கொடி கையில ஒண்ணு தப்பாதுன்னு சூப்பர்வைசரே சொல்லுவாரு. டேபிளைச் சுத்தி எட்டு பேரு, கை வேலை பாக்கும், வாய் ஊர்ப்பட்ட கதை பேசும். அவங்கவங்க புள்ளைங்களைப் பத்தித்தான் பாதிப் பேச்சு. எவ மகன் வண்டி கேட்டு அடம்புடிக்கறான், எவ மக போனைக் குடுக்க மாட்டேங்கறா. உன்ற பொண்ணு எப்படிக்கான்னு கேப்பாளுக. என்ற பொண்ணு இருக்கற எடமே தெரியாதுன்னுவேன். குடுத்து வெச்சவக்கா நீம்பாளுக. நானும் சிரிச்சுக்குவேன். எட்டு வருசம் அவங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டிருக்கறேன், ஒருத்திகிட்டயும் வாயைத் தொறக்கல. என்ற நாத்தனா சாந்தாமணிகிட்ட ஒருக்கா லேசாச் சொன்னேன், கண்ணு பட்டிருக்கும் போலன்னு மிளகாய் சுத்திப் போட்டுட்டு, அடுத்த வாரமே சொந்தத்துல மூணு வீட்டுக்குச் சொல்லிப்போட்டா. அதோட சரி. பையிலேர்ந்து போனை எடுத்தேன், யாருகிட்டயாவது பேசணும்னு. அதுல நூத்தி அறுபது பேரு இருக்கறாங்க. மேலேர்ந்து கீழ வரைக்கும் தள்ளுனேன். கேஸ் சிலிண்டர், கேபிள் பையன், தறி மாமா, பால்காரரு, பழைய வீட்டு ஓனரு. இவ உள்ள நல்லாப் பேசறா, எனக்குப் பயமா இருக்குதுன்னு சொன்னா புரிஞ்சுக்கற மாதிரி ஒரு பேரு இல்ல. நல்லாப் பேசறான்னா சந்தோசப்பட வேண்டியதுதானம்பாங்க. போனைப் பையில போட்டுட்டேன்.

எந்திரிச்சு உள்ள போயிரலாமா? போயி, மேடம், அவ சொல்றது அத்தனையும் நான் சொல்லிக் குடுத்ததுங்க, நம்பாதீங்கன்னு சொல்லிப்போடலாமா? எந்திரிச்சேன். டோக்கன்காரரு கையை நீட்டி மறிக்கறாரு. "கூப்புடுவாங்கம்மா, உக்காருங்க. எல்லாரும் உள்ள போனா டாக்டரம்மா எங்க போவாங்க?" கையில ஒரு ரப்பர் ஸ்டாம்பு இருந்துட்டா இந்தாளுங்களுக்கு வர்ற தோரணை இருக்குதே! உக்காந்தேன். உக்காந்தப்பறந்தான் அடுத்த பயம் வந்துச்சு. கூப்புட்டதும் என்னத்தைச் சொல்லுவேன்? முடியாததை எல்லாம் சொல்லணும். ஒண்ணு விடாமச் சொல்லணும். அவளை வெளிய உக்கார வெச்சுட்டுச் சொல்லலாம்னா இந்த வராண்டாவுல அவ தனியா உக்காருவாளா, ஸ்ட்ரெச்சர் சக்கரம் கீச்சுன்னு போகுது, எவனோ பாட்டு வெச்சுட்டு வீடியோ பாக்கறான், ரெண்டு நிமிசத்துல எந்திரிச்சு ஓடிருவா. அப்ப அவ முன்னாலதான் சொல்லணும். பொறந்ததுலேர்ந்து அவகிட்ட நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். நீ கெட்டிக்காரி கண்ணு, உனக்கு எல்லாம் வரும், கொஞ்சம் லேட்டா வரும், அவ்வளவுதான். அவ அதை அப்படியே நம்பறா. எதைச் சொன்னாலும் அப்படியே நம்பறவ. பொய் சொல்லத் தெரியாது, அடுத்தவங்க பொய் சொல்லுவாங்கன்னும் தெரியாது. அவ முன்னால உக்காந்துட்டு, இவளுக்கு ஒண்ணும் வராதுங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அதைக் கேட்டுட்டு ராத்திரி சோத்துத் தட்டு முன்னால, எனக்கு வருமா வராதாம்மான்னு கேட்டா எந்தப் பதிலைச் சொல்றது? சொல்லாம விட்டா? முப்பது போடுவாங்க. நல்லாத்தான் இருக்கறாங்க உங்க பொண்ணு, கூட்டிட்டுப் போங்கம்பாங்க. அதைக் கேக்கறதுக்குத்தான பதினோரு வருசமா ஆசைப்பட்டேன். டாக்டர் ஒருத்தரு வாயால அதைக் கேக்கணும்னு எத்தனை கோயிலுக்கு நடந்திருக்கறேன். இன்னைக்கு அது வந்துரக் கூடாதுன்னு வேண்டிட்டு உக்காந்திருக்கறேன். சிரிப்பு வருது. அழுகையும் வருது. ஊன்றுகோல் பெரியவரு என்னைப் பாத்துட்டு, தண்ணி வேணுமாம்மான்னாரு. வேண்டாங்கன்னேன்.

"தாரணி அம்மா!" இங்கயும் என்ற பேரு அதுதான். உள்ள போனேன். அவ நாற்காலி நுனியில, நான் சொன்ன மாதிரி, ரெண்டு கையையும் தொடைக்கடியில வெச்சு உக்காந்திருக்கறா. கை வெளிய இருந்தா ஆட்டுவா, அதுக்குத்தான் அந்த ஏற்பாடு. பாவம், வெரலெல்லாம் நசுங்கியிருக்கும். டாக்டரம்மா சின்ன வயசுதான், சோர்ந்த மொகம், மேசை மேல நிரப்பறதுக்கு ஒரு பாரம். கோயமுத்தூர் பைலைப் புரட்டறாங்க. "பழைய ரிப்போர்ட்ல அதிகமாத்தான் இருக்குதும்மா. ஆனா இப்ப நல்லா முன்னேறியிருக்காங்களே. கண்ணைப் பாத்துப் பேசறாங்க, என்னை நலம் விசாரிக்கறாங்க. நான் பாக்கற வரைக்கும் லேசாத்தான் இருக்குது. நாப்பது வராதுன்னு நெனைக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?" நான் தாரணியைப் பாத்தேன். அவ டாக்டரம்மா நெத்தியையே பாத்துட்டிருக்கறா. கை எடுத்துக்கோ கண்ணுன்னேன். அவளுக்குப் புரியல. கையை எடு, ஆட்டணும்னா ஆட்டு, பரவால்லைன்னு நானே அவ கையைப் புடிச்சு வெளிய எடுத்து விட்டேன். கொஞ்ச நேரம் மடியில சும்மா கெடந்துச்சு. அப்புறம் மெதுவா ஆட்ட ஆரம்பிச்சா, ரெக்கை மொளைக்கற குஞ்சாட்ட. "அவ உங்க கண்ணைப் பாக்கலீங்க மேடம். பொட்டு வெக்கற எடத்தைப் பாக்கறா. நாஞ் சொல்லிக் குடுத்தது. சாப்பிட்டீங்களான்னதும் நாஞ் சொல்லிக் குடுத்தது. நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு அவளுக்குத் தெரிஞ்சு ஒண்ணும் ஆகப்போறதில்லீங்க." டாக்டரம்மா பேனாவை எடுத்தாங்க. "சொல்லுங்கம்மா."

சொன்னேன். பனியனை வெளிச்சத்துல காட்டறாப்பல என்ற புள்ளையை இழுத்துக் காட்டுனேன். பதினஞ்சு வயசாச்சுங்க, இன்னும் நாந்தான் தலைக்குத் தண்ணி ஊத்தி விடறேன், சோப்பு நுரை கண்ணுக்கு மேல வந்தா அலறுவா. துணியில லேபிள் இருந்தாக் கழட்டி எறிஞ்சுருவா, எல்லாத்தையும் நான் வெட்டி எடுத்துப்போடுவேன். மிக்ஸி சத்தம் ஆகாது, அவ வீட்டுல இல்லாதப்பத்தான் சட்னி அரைக்கறது. மாசாமாசம் அந்த மூணு நாளைக்கு நான் லீவு போட்டுருவேன், துணி மாத்தற நேரம் தெரியாது. அஞ்சு நிமிசத்துல வரேன்னு சொல்லிட்டு ஆறு நிமிசம் ஆச்சுன்னா தலையைச் செவுத்துல முட்டுவா, இதோ பாருங்க தழும்பு. ரோட்டைத் தாண்டத் தெரியாது. ஒரு சிநேகிதப் புள்ளை கெடையாது. அஞ்சாவதுல ஒருத்தி இருந்தா, வீடு மாத்திட்டுப் போயிட்டாங்க, இவ இன்னும் பொறந்தநாளைக்கு அந்தப் புள்ளைக்குன்னு ஒரு சாக்லெட் எடுத்து வெப்பா, நாந்தான் அப்புறமா எடுத்து ஒளிச்சுருவேன். நான் காய்ச்சல்ல கெடந்தப்ப பக்கத்துல வந்து, சோறு எத்தனை மணிக்குன்னு மட்டுங் கேட்டா. அது அன்பு இல்லாம இல்லீங்க, அவளுக்குத் தெரியல. டாக்டரம்மா நடுவுல கையைக் காட்டுனாங்க. "போதும்மா. இதுலயே நாப்பதுக்கு மேல வந்துருச்சு. மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்து வாங்கிக்கோங்க, மெடிக்கல் போர்டுல கையெழுத்து ஆயிரும்." வந்துருச்சு. ஆனா எனக்கு நிறுத்த முடியல. யாருகிட்டயும் சொன்னதே இல்லையே, நிக்காம வருது. பேப்பர்ல கரண்ட் போறதை மட்டுந்தாங்க படிப்பா, கதைப் புஸ்தகம் குடுத்தா, இவங்க ஏன் இப்படிப் பண்றாங்கன்னு கேப்பா, எனக்கும் சொல்லத் தெரியாது. சொல்லிட்டே வந்து ஒரு எடத்துல மூச்சு முட்டி நின்னேன். அப்பத்தான் அவ பக்கம் திரும்பவே எனக்குத் தைரியம் வந்துச்சு. என்னமோ நெனச்சேன், மொகம் வாடியிருக்கும், அழுதிருப்பான்னு. ஒண்ணுமில்ல. கவனமாக் கேட்டுட்டிருந்தா, சரியாச் சொல்றனான்னு பாக்கற மாதிரி.

"வேற எதாவது இருக்காம்மா?"ன்னாங்க டாக்டரம்மா, பாரத்தை மூடப் போற நேரத்துல, ஒரு பேச்சுக்கு. அவ்வளவுதாங்கன்னேன். "இல்ல"ன்னா தாரணி. "ஒண்ணு விட்டுப் போச்சு. எட்டாவதுல நான் வெளிய உக்காந்தேன்." எங்க வெளியன்னாங்க டாக்டரம்மா. "வகுப்புக்கு வெளிய. வராண்டாவுல, செருப்பு விடற எடத்துல. நான் கையை ஆட்டறது மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்குன்னு சயின்ஸ் மிஸ் ஒரு ஸ்டூல் போட்டுக் குடுத்தாங்க. நூத்திப் பன்னெண்டு நாளு." பேனா நின்னுபோச்சு. ஏங்கண்ணு, அம்மாகிட்ட ஏன் சொல்லலைன்னு கேட்டேன், கேட்டனா, வாய் மட்டும் அசைஞ்சுதான்னு தெரியல. அவளுக்கு அது புரியல. சொல்லணும்னு அவளுக்குத் தோணியிருந்தாத்தான. "நீ தெனமும் என்ன பாடம் நடந்துச்சுன்னுதான கேப்ப"ன்னா. "நான் சரியாச் சொல்லிருவேன். அந்த மிஸ் சத்தமாத்தான் நடத்துவாங்க. வராண்டா வரைக்கும் வரும்." டாக்டரம்மா குனிஞ்சு எழுத ஆரம்பிச்சாங்க. அந்த வருசந்தான் அவ சயின்ஸுல எம்பத்தொண்ணு வாங்குனா. நான் கம்பெனிக்கு மைசூர்பாகு வாங்கிட்டுப் போய் டேபிள்ல இருந்த எட்டு பேருக்கும் குடுத்தேன்.